சம்மந்தி விருந்துக்கு நண்டு தேடிய கதை

1. அண்டா

அண்டாவில் கிடந்த நண்டுகளில் ஒன்றுகூட அசையவில்லை. கரண்டிக் காம்பால் குத்திப் பார்த்தேன், ஓட்டில் தட்டிப் பார்த்தேன். முந்தின நாள் சாக்கைப் பிரித்தபோது கண்ணை நீட்டி என்னை முறைத்த நண்டுகள் அவை. விடிவதற்குள் என்ன ஆயிற்று என்று எனக்கு விளங்கவே இல்லை. விருந்துக்காரர்களின் வேன் திண்டிவனத்தைத் தாண்டிவிட்டதாகப் போன் வந்திருந்தது.

நான் ஜெயங்கொண்டத்தில் சமையல் காண்ட்ராக்ட் எடுப்பவன். கல்யாணம், காதுகுத்து, புதுநன்மை, கருமாதி எதுவானாலும் ஆட்டுக்கறியும் நாட்டுக்கோழியும் கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். கடல் சாமான் மட்டும் பழக்கமில்லை. எங்கள் பக்கம் மீன் என்றால் ஏரி மீன்தான். தண்ணீர் டப்பில் துள்ளுவதைக் காட்டித்தான் விற்பார்கள்.

2. ஆர்டர்

சவரிமுத்து அண்ணனுக்கு வரதராஜன்பேட்டைப் பக்கம் முந்திரிக் கொல்லை இருக்கிறது. ஒரே மகள் ஜெனிட்டாவை சென்னை ராயபுரத்தில் கட்டிக்கொடுத்திருந்தார். மாப்பிள்ளை வீடு தலைமுறையாக மீன் வியாபாரம். கல்யாணத்தன்று அங்கே யாரோ, "உங்க ஊர்ல கருவாட்டத் தவுத்து வேற மீனு பாத்திருக்கியாம்மா?" என்று கேட்க, சுற்றி இருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். அந்தப் பெண் பிறகு ஒருநாள் போனில் அப்பாவிடம் சொல்லி அழுதிருக்கிறது. இப்போது அதே சம்மந்தி வீட்டார் முதன்முறையாக இங்கே விருந்துக்கு வருகிறார்கள்.

"மாஸ்டர், நண்டு வெக்கணும். உசுரோட வரணும். அவங்க கண்ணு முன்னாடி அது நடக்கணும். அதுக்கப்பறந்தான் கொழம்புல போடணும்" என்றார் அண்ணன்.

"மெட்ராஸ்தான் போவணும்ண்ணே. சம்மந்தியம்மாகிட்ட ஒரு வார்த்த கேட்டா நல்ல கடையா சொல்லுவாங்களே?"

"அவங்களக் கேட்டா, அவங்களே வாங்கியாந்து எறக்கிட்டுப் போயிடுவாங்க. எம் பொண்ணு ஆயுசுக்கும் பேச்சு வாங்கவா? மானத்த வாங்காதீங்க."

ஆக, விஷயம் தெரிந்த ஒரே குடும்பத்திடம் வாயைத் திறக்கக்கூடாது. நல்ல ஆர்டர் என்று நொந்துகொண்டு ரயில் ஏறினேன்.

3. பட்டணம்

போனில் தேடியபோது முதலில் வந்தது ஒரு ஏசி கடை. கண்ணாடித் தொட்டிக்குள் மோட்டார் காற்று குமிழியிட, சிங்கி இறாலும் நண்டும் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தன. அடடா, வேலை முடிந்தது என்று நினைத்தேன். கடைப்பையன், "ரெண்டு நண்டுதான் சார் இருக்கு. வெளியூர்னா உப்புத்தண்ணி, ஏர் பம்ப் எல்லாம் வேணும்" என்றான். பந்திக்கு ரெண்டு நண்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

காசிமேட்டுக்குப் போனேன். கண்ணுக்கெட்டிய தூரம் மீன். ஒன்றாவது துள்ளுகிறதா என்று பார்த்தால், எல்லாமே ஐஸில் அசையாமல் கிடந்தன. கடல் பக்கத்திலேயே இருக்கும் ஊரில் உயிருள்ள மீன் இல்லை, கடலே இல்லாத எங்கள் ஊரில் இருக்கிறது. எனக்குத் தலை சுற்றியது. ஒரு அம்மாவிடம், "உயிரோட இருக்குங்களா?" என்று கேட்டேன்.

"இன்னாபா, உசுரோட வோணும்னா கடல்ல எறங்கு" என்றார் அவர். பிறகு என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டோ என்னவோ, "கடல் நண்டு வலையிலேர்ந்து எடுத்த கொஞ்ச நேரத்துல பூடும். இது காலைல வந்தது. ஐஸு போட்டு எடுத்துக்கினு போ" என்றார்.

சிந்தாதிரிப்பேட்டையில் ஒருவர், இப்போது நண்டில் சதை இருக்காது, அமாவாசைக்கு வா என்றார். சம்மந்தி வீட்டார் அமாவாசை பார்த்தா வருகிறார்கள்? டீக்கடைக்காரர் பழவேற்காட்டுக்குப் போகச் சொன்னார். கேட்ட ஒவ்வொருவரும் அடித்துத்தான் சொன்னார்கள். ஒருவர் சொன்னது மற்றவர் சொன்னதோடு ஒட்டவில்லை.

திரும்ப காசிமேட்டுப் பக்கமே வந்து தெருவோரம் நின்றிருந்தேன். எதிரே ஆட்டோவில் ஏற்றிய ஈரச்சாக்கு ஒன்று தானாக நெளிந்தது. அது எந்தச் சந்திலிருந்து வந்ததோ அந்தச் சந்துக்குள் நுழைந்தேன். கடைசியில் ஒரு தகரக் கொட்டகை. போர்டு இல்லை, தொட்டி இல்லை, சொட்டுத் தண்ணீர் இல்லை. கூடை கூடையாக நண்டுகள், கொடுக்குகள் சணலால் இறுக்கிக் கட்டப்பட்டு, ஈரச்சாக்கின் கீழே கண்ணை உருட்டிக்கொண்டிருந்தன.

"இது களி நண்டு. முகத்துவாரத்து சேத்துல இருக்கறது. சீக்கிரம் சாவாது" என்றார் பனியன் போட்ட வியாபாரி. "சாக்க நனைச்சுப் போட்டுக்கினே இரு. தண்ணில மட்டும் போடாத."

"தண்ணியில்லாம எப்படிங்க?"

"சொன்னத செய்யி நைனா."

தொட்டிக்கடை தண்ணீர் என்றது, காசிமேடு ஐஸ் என்றது, இவர் இரண்டும் வேண்டாம் என்கிறார். யாரை நம்புவது? இவரிடம்தான் நண்டு இருந்தது, அதனால் இவரை நம்பினேன். ரயிலில் என் காலடியில் சாக்கு பிராண்டிக்கொண்டே வந்தது. பக்கத்து சீட்டுக்காரர் அரியலூர் வரை காலைக் கீழே வைக்கவில்லை.

அண்ணன் வீட்டில் மாட்டுக்கொட்டகை ஓரமாகச் சாக்கை வைத்து, "தண்ணியில போட வேணாம்னாருண்ணே, ஏன்னு தெரியல" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு மசாலா வேலைக்குப் போனேன். எனக்கே பாதி நம்பிக்கைதான். அதனால் சொன்னதிலும் பாதி அழுத்தம்தான் இருந்திருக்கும்.

4. விருந்து

விடிந்து பார்த்தால் நண்டுகள் அண்டாத் தண்ணீரில் கிடந்தன.

"நாந்தான் மாஸ்டர்" என்றார் அண்ணன். "வாயில நொர தள்ளுச்சு. தாகம் போலன்னு நெனச்சேன். பாவமா இருந்துச்சு, போர் தண்ணிய ரொப்பி உள்ள வுட்டேன்."

"தண்ணியில பொறந்தது தண்ணியில சாவுமாண்ணே?"

"எனக்கென்ன தெரியும்?"

எப்போது செத்தது என்றே தெரியாத நண்டைச் சமைக்கக்கூடாது என்பது மட்டும் இருவருக்கும் தெரிந்திருந்தது. எங்காவது கொட்டலாம் என்று நான் அண்டாவைத் தூக்குவதற்குள் வேன் ஹாரன் கேட்டது. சம்மந்தியம்மா, "இன்னா சமையல்?" என்று கேட்டபடி நேராகக் கொல்லைப்பக்கம் வந்துவிட்டார். பின்னாலேயே அவர்கள் வீட்டு ஆட்கள், ஜெனிட்டா, எல்லோரும்.

அந்த அம்மா அண்டாவுக்குள் கைவிட்டு ஒரு நண்டைத் தூக்கினார். கொடுக்கில் இருந்த கட்டைத் திருப்பிப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். வெளுத்துப்போய் நின்ற சவரிமுத்து அண்ணனைப் பார்த்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கிறமாதிரி, "இந்த மாஸ்டர எவனோ நல்லா ஏமாத்திட்டான். செத்த நண்டக் கட்டிக் குட்த்திருக்கான்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "இல்லீங்கம்மா, உசுரோடதான்..."

"நீ சும்மா இருப்பா. மெட்ராஸ்ல எங்களையே ஏமாத்துவானுங்க, நீ எம்மாத்திரம்?"

அவர்கள் வீட்டு ஆட்கள் சிரித்தார்கள். என் ஆட்களும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். "சம்மந்தி, வர வழில ரோட்டோரம் விரால் மீனு துள்ளிக்கினு இருந்துச்சே, அத வாங்கிக் கொழம்பு வெக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா மருமகளின் தோளில் கைபோட்டு உள்ளே போய்விட்டார். கண்ணை நீட்டி என்னை முறைத்த நண்டு எப்படிச் செத்த நண்டாகும்? கோபத்திலும் குழப்பத்திலும் அன்று விரால் குழம்புக்கு உப்பை இரண்டு தரம் போடப் பார்த்தேன்.

பந்தி முடிந்ததும் அந்த அம்மா வெற்றிலை மென்றபடி அடுப்படிக்கு வந்தார். நான் நிமிரவில்லை.

"கோவமா? நீ வாங்குனது நல்ல நண்டுதான்ப்பா. அந்தக் கட்டு எங்க சந்து ஆளுங்க போடறது. நானே சின்ன வயசுல கட்டிருக்கேன். செத்தத கட்டமாட்டாங்க."

"அப்பறம் ஏம்மா அப்புடிச் சொன்னீங்க?"

"நண்டு ஈரச்சாக்குல நாள் கணக்கா கெடக்கும். நிக்கற தண்ணில குமிச்சுப் போட்டா மூச்சு முட்டிப் பூடும். யாரு ஊத்துனான்னு சம்மந்தி மூஞ்சியே சொல்லிடுச்சு. அத அங்கியே சொன்னா, எங்கூட்டு ஆளுங்க அந்தப் பொண்ண உடுவாங்களா? புள்ள பெத்து பேரன் எடுத்தாலும், நண்டத் தண்ணில போட்டுக் கொன்ன ஊட்டுப் பொண்ணும்பாங்க."

வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிகள் சென்னையில் உயிர் நண்டுக்கு நல்ல இடம் எது என்று என்னைக் கேட்கிறார்கள். சாக்கு அசைகிற சந்துக்குள் போங்கள், வாங்கினால் தண்ணீரில் போடாதீர்கள் என்கிறேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அமாவாசை விஷயம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. விருந்து சமைக்கிறவன் சில நேரம் பழியையும் சேர்த்துப் பரிமாற வேண்டியிருக்கும் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

இப்போதும் வரதராஜன்பேட்டைப் பக்கம் ஆர்டர் பேசப் போனால், "நண்டு மட்டும் வேணாம் மாஸ்டர், ஒங்கள ஏமாத்திப்புடுவானுவ" என்று சிரிப்பார்கள். "ஆமாங்க, ஏமாந்துட்டேன்" என்று நானும் சிரிப்பேன். சவரிமுத்து அண்ணன் அந்த இடத்தில் இருந்தால் மட்டும் சிரிக்கமாட்டார். எழுந்து போய் எனக்கு ஒரு டீ சொல்லிவிட்டு வருவார்.