உரல் இல்லாத வீடு

நான் படித்தது இரண்டாம் வகுப்பு வரை. ஆனால் திருத்தணி மலைப்படிகளில் நான் பதித்த கல் ஒன்றாவது ஆடுகிறதா என்று யார் வேண்டுமானாலும் போய் மிதித்துப் பார்க்கலாம். அப்படிப்பட்ட மேஸ்திரியான என்னிடம் ஒரு சர்க்கார் ஓவர்சியர் வரைபடத்தை விரித்துக் காட்டி, "இங்க ஊரே இல்லப்பா" என்றார்.

ஜப்பான்காரனோடு நடந்த யுத்தம் முடிந்திருந்த சமயம் அது. அரக்கோணம் போகும் வழியில் இருந்த ஒரு சிற்றூரைப் பட்டாளம் முகாமுக்கென்று எடுத்துக்கொண்டிருந்தது. காலி செய்ய ஒரே நாள்தான் கொடுத்தார்களாம். சனங்கள் எங்கள் மலையடிவாரத்தில் கீற்றுக் குடிசை போட்டு யுத்தம் முடியும்வரை இருந்தார்கள். முகாம் கலைந்தபின் அவர்களோடு நானும் போய்ப் பார்த்தால் ஒரு சுவர்கூட இல்லை. லாரி நிறுத்துவதற்காக மட்டமாக்கிய வெறும் தரை.

சாலையோரம் நீளமாகத் தகரக் கொட்டகை போட்டு ஆளுக்கொரு அறை தருவதாகச் சொன்னார் ஓவர்சியர். பழைய இடமே வேண்டுமென்றால் வீடு எங்கே இருந்தது என்று காட்ட வேண்டும். காட்ட முடியாதவர்கள் கொட்டகைக்குப் போக வேண்டியதுதான்.

"காட்டினா?" என்றேன்.

"காட்டு, பாக்கலாம்" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்புதான் என்னைக் கிளப்பிவிட்டது. அங்கே எல்லார் வீட்டு முற்றத்திலும் உரலைத் தரையோடு தரையாகப் பதித்திருப்பார்கள். ஒரே நாளில் ஓடியவர்கள் அதையா தோண்டித் தூக்கியிருப்பார்கள்? சுவரை இடித்த இயந்திரமும் தரைக்கு அடியில் இருப்பதைத் தொட்டிருக்காது. இதை யோசித்தவன் நான். ஓவர்சியர் படித்த பள்ளிக்கூடத்தில் இது கிடையாது.

கடப்பாரையால் குத்திக்கொண்டே போனேன். ணங்கென்று கேட்ட இடத்திலெல்லாம் தோண்டினோம். பெண்கள் குழிக்குள் கைவிட்டுத் துழாவினார்கள்.

"இது எங்க வூட்டுது! வெளிம்பு ஒடைஞ்சி கீது பாரு."

"ஆங், ஒடைச்சவளே நீதானே!"

சாயங்காலத்துக்குள் ஒரே ஒரு வீடு தவிர எல்லா வீடும் கிடைத்துவிட்டது. மிச்சம் நின்றவள் வயல்கூலிக்குப் போகிற பெண். அவளுக்கென்று உரல் கிடையாது. பக்கத்துக் குடியானவர் வீட்டு உரலில்தான் குத்திக்கொள்வாள்.

"உனக்குக் கொட்டகைதாம்மா. நல்ல தகரம், ஒழுகாது" என்றார் ஓவர்சியர்.

"என் வூடு ஒழுகினாலும் பரவால்ல சாமி. எங்க வூட்டுக்காரரு பட்டாளத்துக்கு ரோடு போடறதுக்கு அசாம் பக்கம் போனவரு, இன்னும் வரல. வந்தா கொட்டாயில எந்தக் கதவத் தட்டுவாரு?"

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"இன்னா மேஸ்திரி, உரல் இல்லன்னா வூடே இல்லியா? அடுப்பு இல்லாமயா இத்தினி நாளு கஞ்சி காச்சினேன்?"

குடியானவர் வீட்டு உரலுக்கு முதுகைக் காட்டி நின்று, கண்ணை மூடிக்கொண்டு நடந்தாள். குத்தின தானியத்தை முறத்தில் ஏந்திக்கொண்டு தினமும் நடந்த நடை அது. குடியானவர் மனைவி, "இன்னும் ரெண்டடி போடி, அங்கதான் முருங்க மரம் இருந்துச்சு" என்று பின்னாலேயே போனாள். கண்ணை மூடியபடியே அவள் ஓரிடத்தில் நின்றாள். "இங்க குத்து."

ஒரு முழம் தோண்டவில்லை, செங்கல் நிறத்தில் மண் வந்தது. அடுப்பு நெருப்பில் வெந்த மண். எத்தனை மழை பெய்தாலும் அது மறுபடி பச்சை மண் ஆகாது. எனக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் யோசனை அவளுடையது, கடப்பாரை மட்டும்தான் என்னுடையது.

நான் யாருக்கும் வீடு கட்டித் தரவில்லை. மண் குழைத்ததும் சுவர் எழுப்பியதும் அவர்களேதான். நான் நூல் பிடித்தேன், கோணினால் திட்டினேன். மூன்றாம் நாள் ஓவர்சியர் வந்தபோது அவள் வீட்டுச் சுவர் முழங்கால் உயரம்கூட இல்லை. நடுவில் அடுப்பு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

"வீடே இல்ல, அதுக்குள்ள அடுப்பா?"

"அடுப்பு வந்துடுச்சு சாமி. வூடு பின்னாலயே வந்துகினு கீது."

அவர் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு போனார்.

வாசல் வைக்கும் நாளில் அவள் தெற்கே கை காட்டினாள். தெற்கு வாசல் ஆகாது, நான் வைத்ததே இல்லை என்று சத்தம் போட்டேன்.

"அரக்கோணத்துல ரயில விட்டு எறங்கினா அவரு எந்தப் பக்கமா வருவாரு மேஸ்திரி?"

வைத்தேன். என் ஆயுசில் நான் தெற்கு பார்த்து வைத்த வாசல் அது ஒன்றுதான்.