இஸ்திரியக்காவின் சரியான வயது

இஸ்திரியக்காவுக்குப் பொய் சொல்ல வராது என்று சலவைக்கூடத்தில் எல்லோரும் சத்தியம் செய்வார்கள். பாவம், அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அக்கா ஒரே ஒரு பொய் சொன்னாள். அதை முப்பது வருஷம் மடிப்புக் கலையாமல் காப்பாற்றினாள்.

பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை அவளைவிட இரண்டு வயது சின்னவர். வீட்டார் அவள் வயதில் ஐந்து வருஷத்தைக் குறைத்துச் சொன்னார்கள். அப்போது அவளுக்கு மூன்று வயது இளைய தம்பியின் வயது இடித்தது. அவனை அண்ணனாக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து கணவர் எதிரில் தம்பியை "அண்ணா" என்றுதான் கூப்பிடுவாள். அவனும் வெட்கமில்லாமல் "என்னம்மா தங்கச்சி" என்பான். கணவரோ எதற்கெடுத்தாலும், "பெரியவன் சொல்றேன், கேளு" என்பார். அவளும் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்பாள்.

சலவைக்கூடத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்தபோது படிவத்தை நிரப்பியவரும் கணவர்தான். தனக்குத் தெரிந்த வயதை எழுதினார். மாதாமாதம் சம்பளத்தில் காப்பீட்டுக்குப் பிடித்தார்கள். முதலாளியும் தன் பங்கைப் போட்டார். "யாருக்கோ அழற காசு" என்று கணவர் முணுமுணுத்தார். இஸ்திரிப்பெட்டியின் நீராவியில் அக்காவின் கை வெந்தபோது இலவச வைத்தியம் கிடைத்தது, வீட்டில் கிடந்த ஆறு வாரத்துக்கும் முக்கால் சம்பளம் வந்தது. அதோடு முணுமுணுப்பு நின்றது.

இப்போது முழங்கால் போய்விட்டது. ஐம்பத்தெட்டு முடிந்தால் ஓய்வூதியம். அக்காவுக்கு முடிந்தும் விட்டது. ஆனால் ஏட்டில் ஐம்பத்துமூன்று. இன்னும் ஐந்து வருஷம் நிற்பதா, உண்மையைச் சொல்வதா? நிற்பதே சுலபம் என்றுதான் ஒரு வாரம் நினைத்திருந்தாள். முழங்கால் ஒப்பவில்லை.

வயதைத் திருத்தப் பள்ளிச் சான்றிதழும் உடன்பிறந்த ஒருவரின் சாட்சியும் வேண்டும் என்றது காப்பீட்டு அலுவலகம். கணவரும் வரவேண்டும், அவளுக்குப் பின் ஓய்வூதியத்தில் பாதி அவருக்குப் போகும், அதற்குக் கையெழுத்து. "ஏட்டுல ஏதோ தப்பாம்" என்று அழைத்து வந்தாள். அதில் பொய்யில்லை.

எழுத்தர், சாட்சிக்கு வந்திருந்த தம்பியைக் காட்டிக் கேட்டார். "இவர் உங்களுக்கு என்ன உறவும்மா?"

"அண்ணன்" என்று கணவர் முந்திக்கொண்டார்.

அக்கா முழங்காலைத் தடவினாள். "தம்பி, சார்."

தம்பி மின்விசிறியைப் பார்த்தான். எழுத்தர் சான்றிதழைப் படித்தார். "சரிதான். உங்களுக்கு ஐம்பத்தெட்டு, தம்பிக்கு ஐம்பத்தஞ்சு. வீட்டுக்காரருக்கு?"

"ஐம்பத்தாறு" என்றார் கணவர். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. விரல்விட்டு எண்ணினார். மறுபடியும் எண்ணினார். பேனாவை மேசையில் வைத்துவிட்டார்.

"நான் போடமாட்டேன். முப்பது வருஷமா என்னை முட்டாளாக்கியிருக்கே."

அக்காவுக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. வெந்த கையைப் பத்து நாள் இவர்தான் கட்டு மாற்றிப் பார்த்துக்கொண்டார். ஆனாலும் பேனாவை எடுத்து அவர் கையில் திணித்தாள்.

"பெரியவ சொல்றேன், கேளுங்க. போடுங்க."

அவர் முறைத்தார். உதட்டைக் கடித்தும் சிரிப்பு நிற்கவில்லை. போட்டார்.

அக்கா தம்பி பக்கம் திரும்பினாள். "டேய், அடுத்து நீ போடுடா."