பஸ்ஸுக்குள் நான் துவக்குத் தெரிவு செய்த கதை

இன்று காலை, உயிலங்குளத்திலிருந்து மன்னார் போகும் பஸ்ஸில், என் வாழ்க்கையின் முதல் துவக்கைத் தெரிவு செய்தேன்.

பயப்படாதீர்கள். பிளாஸ்டிக் குண்டு சுடுகிற ஏர்சொப்ட் விளையாட்டுத் துவக்குத்தான். அடுத்த மாதம் நான் கனடா போனதும் மருமகன் தன்னுடைய அணியில் என்னையும் இறக்கப் போகிறார். அங்கே கடைக்குள் நின்றபடி வீடியோ கோல் எடுத்தார்.

"மாமா, எது வேணும்?"

"அந்தப் பெரிய கறுத்த துவக்கை எடுங்கோ மருமகன். எதிரில நிக்கிற ஒருத்தரும் மிஞ்சக்கூடாது."

என்னுடையது தலைமன்னார் வரைக்கும் கேட்கிற குரல். பஸ்ஸில் இருந்த முந்நூறு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். சாரதி பிரேக் போட்டார். லீவு முடிந்து முகாமுக்குத் திரும்பிய ஆமிக்காரத் தம்பி ஒருவர் பக்கத்து சீட்டிலிருந்து எழுந்து, என் போனை எட்டிப் பார்த்தார்.

எனக்குத் துளியும் பயமில்லை.

"ஐயா, அது பாரம்," என்றார் தட்டுத்தடுமாறிய தமிழில். "புது ஆளுக்குச் சின்னது நல்லம். முதல்ல கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி வாங்குங்க."

பின் சீட்டு அக்காவும் விடவில்லை. "ஓம் அண்ணை, இந்த வயித்தோட பெரிசையும் தூக்கிக்கொண்டு எங்க ஓடப்போறியள்?"

சின்னதும் கண்ணாடியும் வாங்கியாகிவிட்டது. கை இப்போதே துறுதுறுக்கிறது, கனடாக்காரர் கவனமாக இருக்கட்டும்.

அதே பஸ்ஸில் வந்தவர்கள் கீழே கொமென்டில் சாட்சி சொல்லலாம். ஆமிக்காரத் தம்பி எழும்பியபோது நான் இரண்டு கையையும் உயர்த்தியதை மட்டும் எழுத வேண்டாம்.