கரண்டு எடுக்கப் பெட்ரோமாக்ஸ்

நம்மூரில் கரண்டு இல்லாத இடத்தில் பெட்ரோமாக்ஸ் ஏற்றுவோம். இந்த அமெரிக்க நகரத்தில், தலைக்கு மேல் குழல்விளக்குகள் எரியும் ஆய்வுக்கூடத்தில், பட்டப்பகலில், கரண்டு எடுப்பதற்காகப் பெட்ரோமாக்ஸ் ஏற்றுகிறோம். அதற்கு எனக்குச் சம்பளமும் தருகிறார்கள். விளக்குக்கு முன்னால் செப்புத் தகட்டில் ஒட்டிய ஒரு சிலிக்கான் வில்லை நிற்கும். வெளிச்சம் பட்டால் அது துளி மின்சாரம் தரும், மீட்டரில் முள் நகரும். வெயிலுக்கென்று செய்த வில்லையைத் தீயின் வெளிச்சத்துக்கும் பழக்கலாமா என்பதுதான் எங்கள் பேராசிரியரின் ஆராய்ச்சி.

மணவாளக்குறிச்சியில் கல்யாணங்களுக்குப் பெட்ரோமாக்ஸ் வாடகைக்கு விடும் என் மாமாவிடம் கப்பலேறும் முன் இதை விளக்கினேன். "ஏலே மக்கா, வெளக்கெரிக்க கரண்டு கேட்டு நாம மனு போடுகோம். அவனுவ கரண்டெடுக்க வெளக்கெரிக்கானுவளா? இதுக்காக்கும் நீ கடல் தாண்டிப் போற?" என்றார். பிறகு சமாதானமாகி, "எரியது நம்ம மண்ணாக்கும், மறந்துராத" என்றார். விளக்கின் வலைத்திரியில் சேரும் தோரியம் எங்கள் கடற்கரை மணலில் கிடைப்பது. அந்த மணல் எனக்கு வெகு முன்பே பாஸ்போர்ட் இல்லாமல் உலகம் சுற்றிவிட்டது. ஊரும் சும்மா இருக்கவில்லை. நான் கிளம்பும்போது திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது, போன மாதம் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் சென்னை ராஜ்யத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டது.

சென்ற வாரம், ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கும் கனவான் நேரில் பார்க்க வந்தார். முள் நகராவிட்டால் ஆராய்ச்சிக்கு மூடுவிழா, எனக்குத் திரும்புகிற கப்பல். முள் நகரத்தான் செய்தது, ஆனால் கஞ்சத்தனமாக. மாப்பிள்ளை ஊர்வலத்தில் வெளிச்சம் மங்கினால் என்ன செய்வோம்? பம்ப் அடிப்போம். என் கை தானாகப் போய் அடித்தது. விளக்கு சீறிப் பிரகாசித்தது, முள்ளும் ஏறியது. ஏறிய முள் மெல்ல இறங்கவும் தொடங்கியது. வில்லைக்கு வெளிச்சம் வேண்டும், சூடு ஆகாது. தெரிந்திருந்தும் அடித்துவிட்டேன். ஏற்கெனவே வெள்ளையான பேராசிரியர் இன்னும் வெளுத்தார்.

வேறு வழி தெரியாமல் ஜன்னலைத் திறந்தேன். வெளி விளிம்பில் குவிந்திருந்த பனியை ஒரு கை அள்ளி, தகட்டின் முதுகில் அப்பினேன். முள் மறுபடி ஏறியது.

"இது இந்திய முறையா?" என்று கேட்டார் கனவான்.

"ஆமாம் ஐயா, எங்கள் கடற்கரையில் இதுதான் வழக்கம்" என்றேன். பனியை நான் முதன்முதலில் பார்த்ததே இங்கே வந்துதான். அவர் மரியாதையாகத் தலையாட்டினார்.

"முள் எவ்வளவு நேரம் இப்படியே நிற்கும்?"

"நான் பிடித்திருக்கும் வரை."

"அப்படியானால் இவரை ஊருக்கு அனுப்பிவிடாதீர்கள்" என்று பேராசிரியரிடம் சொல்லிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு நிம்மதியாக உட்கார்ந்தார்.

வேலை தப்பியது. ஆனால் அவர் எழுந்திருக்கிற மாதிரி தெரியவில்லை. முகத்தில் எங்கள் மணலின் அனல் அடித்தது. உள்ளங்கையில் இந்த ஊர்ப் பனி உருகி, முழங்கை வழியாகச் சட்டைக்குள் ஓடியது. விளக்கை அணைத்தால் முள் விழும், கையை எடுத்தாலும் விழும். பல்லைக் கடித்துச் சிரித்துக்கொண்டு இரண்டுக்கும் நடுவில் நின்றேன்.