ஷாரோ என்ற பெயரில் ஏழு நாய்கள்

ஆற்றுக்கு அக்கரையில் ருமேனியா தெரியும் ரூஸே நகரத்தில் ரூமியானா பத்தொன்பது வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவள். வர்ணா ஊருக்குப் போகும் வண்டியில் டிக்கெட் இல்லாமல் கழிப்பறைக்குள் ஒளிந்துகொண்ட ஒருவனை, கதவைக்கூடத் தட்டாமல், வாசலில் நின்று சூரியகாந்தி விதை கொறித்தபடியே வெளியே வரவழைத்தவள் என்று அவளுக்குப் பெயர். ஆள்குறைப்பு வந்தபோது வயது நாற்பத்தாறு. ஆறு மாதம் கணினி வகுப்புக்குப் போய், இணையதளங்கள் செய்துதரும் ஒரு சின்ன நிறுவனத்தில் சோதனையாளராகச் சேர்ந்தாள்.

அங்கே, ஆற்றோரச் சிற்றூர் ஒன்றின் நகராட்சிக்காக நாய்களைப் பதிவுசெய்யும் தளம் ஒன்று தயாரானது. நாயின் பெயர், இனம், தடுப்பூசித் தேதி, கட்டாயமாக ஒரு புகைப்படம். இதையெல்லாம் தினமும் காலையில் தானாகவே நிரப்பிப் பார்க்க ரூமியானா ஒரு நிரல் எழுதினாள். அது பெயரை எழுதியது, இனத்தைத் தேர்ந்தது, 'படம் சேர்க்க' என்ற பொத்தானை அழுத்தியதும் அப்படியே நின்றுவிட்டது. கணினியிலுள்ள படங்களைக் காட்டும் ஜன்னல் திறந்துகொண்டது. அது உலாவிக்கு வெளியே இருக்கும் சமாச்சாரம், நிரலுக்கு எட்டாது.

இரண்டு நாள் மல்லுக்கட்டிவிட்டு, பக்கத்தை வடிவமைத்த காமெனிடம் போய் நின்றாள்.

"அந்தப் பொத்தான் சும்மா அலங்காரம்க்கா," என்றான் அவன். "நெசமா படத்த வாங்கிக்கிற பெட்டி அதுக்குப் பின்னால இருக்கு. பாக்கச் சகிக்கல, அதான் ஒளிச்சு வச்சேன்."

"ஒளிஞ்சிருக்கிறவங்களப் புடிக்கிறதுக்குத்தான் பத்தொன்பது வருசம் சம்பளம் வாங்கினேன். எங்கிட்டயே ஒளிச்சியா?"

அதன்பின் பொத்தானை விட்டுவிட்டு, ஒளிந்திருந்த பெட்டியிடமே படத்தை நேராகக் கொடுக்கும்படி நிரலை மாற்றினாள். உடனே வேலை செய்தது. படத்துக்கு, கைக்கு அகப்பட்டதைப் போட்டாள்: மீன்பிடித் தொப்பியோடு சோபாவில் வாய் திறந்து தூங்கும் அவள் கணவன் வென்ட்ஸி. நாயின் பெயர் ஷாரோ. எல்லாம் சரி என்று தினமும் திரையில் பச்சை விளக்கு. சந்தோஷத்தில் அலுவலகம் முழுக்கப் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பானிட்சா வாங்கிக் கொடுத்தாள்.

தளம் பொதுமக்களுக்குத் திறந்தது. அந்த அமளியில், சோதனைக்கென்றே தனியாக வைத்திருந்த ஒத்திகைப் பிரதியில் ஓட வேண்டிய அவளுடைய நிரல் நிஜத் தளத்திலேயே ஓடத் தொடங்கியதை யாரும் கவனிக்கவில்லை. எட்டாம் நாள் நகராட்சி எழுத்தர் பென்கா தொலைபேசியில் கூப்பிட்டாள். வாரம் முழுக்க ஏழே பதிவுகளாம். ஏழும் ஷாரோவாம். ஏழுக்கும் ஒரே தொப்பியாம்.

"தப்பா நெனைக்காதீங்க, பாத்தா நம்ம கரையில மீன் புடிக்க வர்ற வென்ட்ஸி மாதிரியே இருக்கு."

"மாதிரி இல்லங்க, அவரேதான். எங்க வீட்டுக்காரரு."

மறுமுனையில் யாரோ தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு சிரிப்பது கேட்டது.

ரூமியானாவுக்குச் சிரிப்பு வரவில்லை. நிஜ நாய் ஒன்றுகூட ஏன் இல்லை? தன் விரலாலேயே பொத்தானை அழுத்திப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. திறப்புக்கு முந்தின நாள் காமென் அதன் நிறத்தை மாற்றியபோது, பொத்தானுக்கும் பின்னாலிருந்த பெட்டிக்கும் இருந்த இணைப்பு அறுந்துபோயிருந்தது. ஊர்க்காரர்கள் அழுத்தி அழுத்தி அலுத்து விட்டுவிட்டார்கள். அவளுடைய நிரலோ பொத்தானைத் தொடவே இல்லை. அதனால்தான் அத்தனை பச்சை. அவளுக்குக் காது சூடேறியது. காமென் தன் தப்பு என்றான். அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

அவன் இணைப்பைச் சரிசெய்தான். அவள் நிரலைத் திருத்தி, ஒத்திகைப் பிரதிக்கே திருப்பி அனுப்பினாள்: இனி மனிதர்களைப் போல முதலில் பொத்தானை அழுத்த வேண்டும், உலாவி நிஜமாகவே படம் கேட்டு வந்தால் மட்டும், ஜன்னல் திறக்கும் முன்பே வழிமறித்துப் படத்தைக் கொடுக்க வேண்டும். ஒத்திகைப் பிரதியில் இணைப்பை மறுபடி அறுத்துக்காட்டும்படி காமெனிடம் சொன்னாள். சிவப்பு விளக்கு எரிந்தது. சிவப்பைப் பார்த்து அவள் அவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை.

ஒரே நாயின் நகல்கள் என்று ஆறு ஷாரோக்களைப் பென்கா நீக்கிவிட்டாள். ஏழாவதை நீக்க, நாய் இறந்துவிட்டதாகக் கால்நடை மருத்துவரின் கடிதம் வேண்டுமாம், விதி அப்படி.

விஷயத்தைச் சாப்பாட்டு மேசையில் சொன்னபோது வென்ட்ஸி மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன இனம்னு போட்டே?"

"கலப்பு."

"அது சரிதான். எங்கம்மா அக்கரை ருமேனியாக்காரிதானே," என்றார்.

மார்ச்சில் ஷாரோவுக்குத் தடுப்பூசி போட அழைத்துவரும்படி வீட்டுக்குக் கடிதம் வந்தது. வென்ட்ஸி அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்தார்.