கொடுவாவுக்குப் பாண் போட்ட ஸுலைஹா ராத்தா

எங்கள் கரைத்தீவில், "இந்தச் சாப்பாடு எனக்கு ஒத்துக்கொள்ளாது" என்று சொல்லி, எல்லோருக்கும் அக்காவான ஸுலைஹா ராத்தாவிடமிருந்து தப்பியவர் யாருமில்லை. தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்து, அகதி முகாமில் நாற்பது பேருக்கு ஒரே பானையில் சமைத்தவர். பால் குடித்தால் வயிறு ஊதுகிறது என்று அவர் கணவர் செய்னுலாப்தீன் முப்பது வருடமாகச் சொல்கிறார். பாவம், சொல்லிக்கொண்டே குடிக்கிறார்.

அப்படிப்பட்டவரை எங்கள் மாதர் சங்கத்தின் மீன் வளர்க்கும் கூட்டுக்குப் பொறுப்பாகப் போட்டது, நாங்கள் மற்ற ஐந்து பேரும் சேர்ந்து செய்த மடத்தனம். கடல்நீர் தேங்கும் களப்பில் கட்டிய வலைக்கூட்டில் விரல் நீளக் கொடுவா மீன் குஞ்சுகள் ஐந்நூறு. மாத முடிவில் பாதிக்கு மேல் மிஞ்சாவிட்டால் கூடு வேறு சங்கத்துக்குப் போகும் என்று மீன்பிடி அலுவலர் றுமானா முதல் நாளே சொல்லிவிட்டார்.

ராத்தாவுக்கு அனுபவம் இல்லாமலில்லை. வீட்டுத் தொட்டியில் திலாப்பியா வளர்த்தவர். தவிடு, தேங்காய்ப் புண்ணாக்கு, மிஞ்சின பாண் ரொட்டித் துண்டு எல்லாவற்றையும் தின்று அவை கொழுகொழுவென்று வளர்ந்தன. "மீன் எண்டா மீன்தானே" என்று கொடுவாவுக்கும் அதையே உருட்டிப் போட்டார். சூடை மீன் நறுக்கிப் போடும்படி றுமானா எழுதிக் கொடுத்த தாள், அலுமாரிக்குள் பத்திரமாக இருந்தது.

இரண்டு வாரத்தில் குஞ்சுகள் மெலிந்தன. எண்ணிக்கையும் குறைந்தது. வலையில் ஓட்டை இல்லை, செத்து மிதந்ததும் ஒன்றிரண்டுதான். ராத்தா தோணியில் எழுந்து நின்று, பக்கத்துக் கூட்டுக்காரர் நௌஃபரைப் பார்த்து, களப்பே கேட்க "கள்ளன்!" என்றார். நாங்களும் கூடச் சேர்ந்து கத்தினோம். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

றுமானா வந்து, பெரிய குஞ்சொன்றைப் பிடித்து வயிற்றைக் கீறினார். உள்ளே அதன் தம்பி, முழுசாக.

"பசியில ஒண்டை ஒண்டு திண்டிருக்கு," என்றார். "திலாப்பியாட பரம்பரை பாசி திண்ட கூட்டம். மாவுச்சத்தை உடைச்சுச் செமிக்கிறதும், அதுக்குத் தேவையான கொழுப்பைத் தானே செஞ்சுக்கிறதும் அதுட உடம்புக்குத் தெரியும். கொடுவாட பரம்பரை லட்சக்கணக்கான வருசமா மீனையே திண்டது. அந்தக் கொழுப்பு இரையிலயே கிடைச்சதால, அதைச் செய்யிற வேலை உடம்புல மங்கிப்போச்சு, மாவும் சரியாச் செமிக்காது."

தினமும் கடைச் சோறு வருகிற வீட்டில் அடுப்பு எரிய வேண்டியதில்லை என்று எனக்கு விளங்கியது. ராத்தாவுக்கு விளங்கியது வேறு.

"அப்ப, ஒவ்வொண்டுக்கும் வேற வேற குசினி அடுப்பா?"

"ஓம் ராத்தா. வயித்துக்குள்ள."

எண்ணிப் பார்த்தோம். இருநூற்று அறுபத்திரண்டு, பாதிக்கு மேல் பன்னிரண்டே பன்னிரண்டு. இன்னும் பத்து நாள் இருந்தது. அன்றைக்கே சூடை வேண்டும், ஆனால் அன்று வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை நாள், எங்கள் ஆட்கள் ஒருவரும் கடலுக்குப் போகவில்லை. ஐஸ் பெட்டியில் சூடை வைத்திருந்தவர் ஒரே ஒருவர். நௌஃபர்.

கட்டின புருஷனிடமே மன்னிப்புக் கேட்டறியாத மனுஷி, தொழுகை முடியும்வரை நௌஃபரின் தோணியருகே வெயிலில் நின்றார். எனக்கு அழுகை வந்தது.

நௌஃபர் வந்து பெட்டியைத் திறந்தார். "கள்ளன்ட மீன் உங்கட மீனுக்குச் செமிக்குமா, ராத்தா?"

"மீன் ஒண்டும் பேசல்ல தம்பி. பேசினது நான். மன்னிச்சு மாப் பண்ணுங்க."

அவர் கூடையை நிரப்பினார். நிமிர்ந்து ராத்தாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, இரண்டாவது கூடையையும் நிரப்ப எடுத்தார்.