கல்மாவுப் பல்பொடி

மழைக்காலம் தொடங்கினால் எங்கள் ஊருக்கு மாமாக்கள் திரும்பி வருவார்கள். திருச்செங்கோட்டைச் சுற்றிப் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் எங்கள் பக்கத்திலிருந்து புறப்பட்டு, மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று மொழி தெரியாத ஊர்களுக்கெல்லாம் போய்ப் பாறையைத் துளைக்கும். அங்கே மழை பிடித்துக்கொண்டால் வண்டி வயலில் இறங்க முடியாது. வேலை நின்றுவிடும், ஆட்கள் ஊர் திரும்புவார்கள். என் தாய்மாமாவும் ஒவ்வோர் ஆடியிலும் அப்படித்தான் வந்தார். அவருக்குப் பெற்றோர் இல்லை. வளர்த்த அக்காவின் வீடே அவருக்கும் வீடு. அந்த அக்கா என் அம்மா.

எனக்கு எட்டு வயதான வருடம் மாமா வந்து இறங்கியபோது நான் முதலில் பார்த்தது அவர் பற்களைத்தான். வெயிலில் கறுத்துப்போன முகத்தில் அவை மட்டும் புதிதாக வெள்ளையடித்த சுவரைப் போல நின்றன. எப்படி இவ்வளவு வெள்ளை என்று கேட்டேன். அவர் பையைத் திறந்து ஒரு ஊறுகாய்ப் பாட்டிலை எடுத்தார். உள்ளே மாவு போல ஏதோ வெளுத்த பொடி இருந்தது.

"அறுநூறு அடிக்குக் கீழ இருந்து வந்த மாவு சாமி. கடையில விக்கிற பல்பொடியெல்லாம் இதுக்கு முன்னால நிக்குமா. பல்லு பாறையாட்டம் ஆயிரும்" என்றார்.

பாறையைத் துளைக்கும்போது காற்றின் வேகத்தில் குழாயோரமாக மேலேறி வந்து குவியும் கல்தூள் அது. கல்மாவு என்பார்கள். ரிக்கில் மூத்தவர் ஒருவர் அதைச் சலித்துப் பல் தேய்க்கத் தொடங்க, மற்றவர்களும் பின்பற்றியிருக்கிறார்கள். மலையைக் குடைகிறவர்களுக்கு மலையே பல்பொடியும் தருவதில் ஒரு நியாயம் இருப்பதாக அவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும். எனக்கும் தோன்றியது. மறுநாள் காலை கையை நீட்டினேன். மாமா ஒரு சிட்டிகை போட்டார்.

சில நாட்கள் நான் அதை அக்கறையோடு தேய்த்தேன். துப்பிய நீர் இளஞ்சிவப்பாக இருந்தது. மாமா துப்புவதும் அதே நிறத்தில்தான் இருந்தது என்பதால், பொடி வேலை செய்வதன் அடையாளம் அது என்று முடிவு செய்துகொண்டேன். பிறகு ஒரு மதியம் ரசம் பட்டதும் வாய் முழுக்கத் தீப்பிடித்தது போலாகிவிட்டது. அம்மா என்னை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்துப்போய் உதட்டை விலக்கிப் பார்த்தார். ஈறுகளில் கீறல் கீறலாகப் புண். அம்மா என் உதட்டை விட்டுவிட்டுத் திரும்பி மாமாவின் தட்டைப் பார்த்தார்.

அந்தத் தட்டில் தயிர்ச்சோறு மட்டும் இருந்தது. வந்த நாள் முதல் அவர் அதைத்தான் குழைத்துக் குழைத்து விழுங்கிக்கொண்டிருந்தார். வடக்கே தின்றதில் உடம்பில் சூடு பிடித்துவிட்டது என்று காரணம் சொல்லியிருந்தார். வாய் கொப்பளிக்கக் கொல்லைக் கோடிக்குப் போவார். எடப்பாடிப் பக்கம் ஒரு பெண் இருக்கிறது, ஆவணி பிறந்ததும் போய்ப் பார்க்கலாம் என்று அம்மா சொன்ன போதெல்லாம், அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று நழுவினார். இவையெல்லாம் அம்மாவின் மனத்தில் அந்த ஒரு நொடியில்தான் ஒன்றாகச் சேர்ந்தன என்று இன்று நினைக்கிறேன். மாமாவின் முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. பெண் வீட்டார் முன்னால் வாயைத் திறக்க அவருக்குக் கூச்சம். மருத்துவரிடம் போகவோ பயம். ரிக்கில் உடன் இருந்த ஒருவர் இதே தொல்லைக்காகப் போய், நான்கு பற்களைக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

அம்மா அதில் எதையும் கேட்கவில்லை.

"ஏன்டா தம்பி, புள்ளைக்கு ரத்தம் வருதே, பாத்தியா?" என்று மட்டும் கேட்டார்.

மாமா எழுந்து வந்து என் வாயைப் பார்த்தார். தன் வாயில் மாதக்கணக்காக வந்த ரத்தத்தை வியர்வையைப் போலத் துடைத்துவிட்டுப் போனவர், என் ஈறின் கீறலைக் கண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். பாட்டிலைத் தானே எடுத்துப்போய்க் கொல்லையில் கொட்டினார். மறுநாள் திருச்செங்கோட்டில் பல் மருத்துவரிடம் என்னைக் காட்டப் போனபோது, கேட்காமலே கூட வந்தார்.

மருத்துவர் ஒரு நடுவயதுப் பெண்மணி. என் வாயைப் பார்த்து, சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு வாரத்தில் ஆறிவிடும், மென்மையான பிரஷ்ஷால் தேய்த்தால் போதும் என்றார். என்ன பொடி என்று கேட்டதற்கு அம்மா விளக்கினார். பிறகு, போகிற போக்கில் நினைவு வந்தது போல, "இவனும் அதே பொடியைத்தானுங்க போட்டான். வந்தது வந்துட்டான், ஒருக்கா பாத்துருங்க" என்றார்.

"எனக்கு ஒண்ணுமில்லீங்க" என்று மாமா கதவுப் பக்கம் நகர்ந்தார்.

"மாமாவும் காட்டினாத்தான் நான் மருந்து போட்டுக்குவேன்" என்றேன் நான். மருத்துவர் எனக்கு மருந்தே எழுதவில்லை என்பதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

மாமா நாற்காலியில் உட்கார்ந்தார். மருத்துவர் நெடுநேரம் பார்த்தார்.

"ஏப்பா, பாறையை அறுக்கற பொடி ஈறை மட்டும் விட்டு வைக்குமா? இதுல பாக்கு வேற போடறே."

"வேலை நேரத்துல தூக்கம் வராம இருக்கறதுக்குங்க."

"அங்கே சாப்பாடு என்ன?"

"ரொட்டி, உருளைக்கிழங்கு, பருப்புங்க. டீ எத்தனைன்னு கணக்கில்லீங்க."

"கீரை, பழம்?"

மாமா யோசித்தார். "ரயில்ல வாரப்ப ஒரு கொய்யாப்பழம் வாங்கினேனுங்க. கடிக்க முடியல."

மருத்துவர் சிரிக்கவில்லை. பல்லைப் பிடுங்க வேண்டியதில்லை, ஆடினாலும் வேர் இன்னும் பிடியை விடவில்லை என்றார். பற்களின் அடியில் இறுகிப் படிந்த காரையைச் சில தடவைகள் வரவழைத்துச் சுத்தம் செய்தார். மீதி வேலை வீட்டில் என்றார். பாக்கை அறவே விட வேண்டும். டீயில் சர்க்கரையைக் குறைக்க வேண்டும். சாப்பிட்டதும் வெதுவெதுப்பான உப்பு நீரில் கொப்பளிக்க வேண்டும். ரத்தம் வருகிறதே என்று தேய்க்காமல் விடவும் கூடாது, கோபத்தோடு தேய்க்கவும் கூடாது. கீரையும் பழமும் தட்டில் இருக்க வேண்டும். அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார். வீட்டுக்கு வந்ததும் அவை அத்தனையையும் என் பெயரில் அறிவித்தார்.

"பாப்பாவுக்கு டாக்டரம்மா மிட்டாயே கூடாதுன்னுட்டாங்க. பாவம், ஒத்தையில எப்படி இருப்பா? துணைக்கு நீ உன்ற பாக்கை உட்டுரு. சரிதான தம்பி?"

மாமா சட்டைப் பையிலிருந்த பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். நான் மிட்டாயை விட்டேன். யார் யாருக்குத் துணை என்பதில் எனக்கு ஐயமே இருக்கவில்லை.

அந்த ஆடி மாதம் முழுக்க எங்கள் வீட்டில் இரண்டு நோயாளிகளுக்கு ஒரே சமையல். வீட்டோடு ஒட்டிய கொட்டகையில் இரண்டு விசைத்தறிகள் இருந்தன. அப்பாவும் அம்மாவும் மாறி மாறி ஓட்டுவார்கள். அம்மா தன் முறை முடிந்ததும் துணிப்பஞ்சு ஒட்டிய தலையோடு அடுப்படிக்கு வருவார். காலையில் மோர் விட்ட கம்மங்கூழ். மதியம் முருங்கைக்கீரையோ தண்டங்கீரைக் கடைசலோ, கூடவே பச்சைப்பயறு. கொல்லைக் கொய்யாவில் நன்றாகப் பழுத்ததாகப் பார்த்து, விதையை நீக்கி, குழந்தைக்கு நறுக்குவது போலச் சிறு துண்டுகளாக நறுக்கி வைப்பார். எனக்கென்று நறுக்கிய தட்டு எப்போதும் மாமாவின் பக்கமாகவே நகர்ந்து நின்றது. "அவ மிச்சம் வெப்பா, நீ தின்னுரு" என்பார் அம்மா. நான் மிச்சம் வைக்கிற பெண் அல்ல. இருந்தாலும் மிச்சம் இருந்தது.

காலையில் இருவரும் பிரஷ்ஷோடு நிற்போம். மாமாவின் கைக்கு மென்மை தெரியாது; இரும்புக் குழாய்களை முடுக்கிப் பழகிய கை. அம்மா என்னிடம்தான் சொல்வார்: "அறுந்த நூலைப் பிடிச்சு முடி போடுறப்ப கை எப்படி இருக்கோணும்? அந்த மாதிரி தேயி கண்ணு. அமுத்துனா இழை போயிரும்." பக்கத்தில் மாமாவின் கை மெதுவாகும்.

எனக்கு ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. சொன்னேன். அம்மா வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "மேல ஆறியிருக்குது. உள்ளுக்குள்ள ஆறோணும்" என்றார். எனக்குத் தெரியாத ஓர் உள் இருக்கிறது போலும் என்று ஒப்புக்கொண்டேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் மாமாவைப் பார்த்து, டீ வேண்டாமா, கடலை மிட்டாய் வேண்டாமா என்று கேட்டால், "பாப்பா பாத்து ஏங்குவாளுங்க, அதான்" என்று அம்மா முந்திக்கொள்வார். மாமாவின் தியாகம் தெருவெல்லாம் பரவியது. எனக்குப் பெருமையாக இருந்தது. எனக்காகப் பாக்கையே விட்ட மாமா வேறு எந்த வீட்டிலும் இல்லை.

ஆவணி பிறந்தபோது மாமா துப்பும் நீர் தெளிந்திருந்தது. பல் இன்னும் லேசாக ஆடியது. ஆனால் இறுகி வருகிறது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பெரியவர்கள் முறைப்படி போவதற்கு முன்னால் ஒரு பார்வை பார்த்துவிட்டு வரலாம் என்று அம்மா, மாமா, நான் என ஒற்றைப்படையாக மூவர் பேருந்தில் எடப்பாடிக்குப் போனோம்.

பெண்ணின் அப்பா லாரி ஓட்டி ஓய்ந்தவர், நிறையப் பேசினார். பெண்ணின் அம்மா குறைவாகப் பேசி நிறையப் பார்த்தார். தட்டில் கைமுறுக்கு வந்தது. விரல் பருமனில், பொன்னிறமாக, தட்டினால் சத்தம் கேட்கும் முறுக்கு. மாமா அதைப் பார்த்த பார்வையில் இருந்தது ஆசை அல்ல.

"எடுத்துக்குங்க மாப்பிள்ளை" என்றார் பெண்ணின் அப்பா.

"அவன் திங்க மாட்டானுங்க" என்றார் அம்மா. "பாப்பாவுக்கு ஈறு புண்ணுங்க. அவ பாத்து ஏங்குவாளேன்னு அவனும் கடிக்கறதெல்லாம் உட்டுட்டான்."

பெண்ணின் அம்மாவின் முகம் முதன்முறையாக இளகியது. என் பக்கம் குனிந்து, "இன்னும் வலிக்குதா கண்ணு?" என்று கேட்டார்.

எனக்கும் முறுக்குக்கும் இடையே ஒரு முழத் தூரம் இருந்தது. "இல்லீங்க. எனக்கு அப்பவே ஆறிப்போச்சுங்க" என்றேன்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை, மாமாவையும் பார்க்கவில்லை, தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பெண்ணின் அம்மா நிமிர்ந்து மாமாவின் வாயை நோக்கினார்.

மாமா தொண்டையைச் செருமினார். "புள்ளை சொல்றது நெசந்தானுங்க. அவளுக்கு ஆறிருச்சு. எனக்குத்தானுங்க இன்னும் முழுசா ஆறல. ரிக்குல கல்மாவு போட்டுப் பல்லு தேச்சேன். முன்பல்லு கொஞ்சம் ஆடுது. பிடுங்க வேண்டாம்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. அக்கா ஆக்கிப் போட்ட கீரையிலதான் இந்த மட்டுக்கும் நிக்குது."

பெண்ணின் அம்மா விடவில்லை. "வேற சங்கதி ஏதாச்சும் இருந்தா இப்பவே சொல்லிருங்க."

"பாக்குப் போட்டேனுங்க. இப்ப உட்டுட்டேன். வேற ஒண்ணுமில்லீங்க."

பெண்ணின் அப்பா குலுங்கிச் சிரித்தார். "நான் லாரியில இருந்தப்ப என்னென்ன கருமத்தையோ போட்டுத் தேச்சவன். என்ற வாயில பாதி கட்டின பல்லு. இந்தப் பையன் பல்லோட சொல்றான், நான் பல்லு போனப்புறம் சொல்றேன். அவ்வளவுதான வித்தியாசம்."

அப்போது கதவுக்கு உள்ளிருந்து, நாங்கள் இன்னும் பார்த்திராத பெண்ணின் குரல் வந்தது. "அம்மா, அந்த முறுக்கை எடுத்துருங்க. வாழைப்பழம் கொண்டாரேன்."

அது வெறும் வாழைப்பழம் இல்லை என்பது அங்கிருந்த பெரியவர்கள் எல்லோருக்கும் புரிந்தது. அந்த வருடமே அவர் எனக்கு அத்தையானார். மழை முடிந்து மாமா ரிக்குக்குக் கிளம்பும்போதெல்லாம் பையில் நெல்லிக்காய் வற்றலும் நல்ல பிரஷ்ஷும் போட்டு அனுப்பியவர் அவர்தான். மாமாவின் அந்த முன்பல் இன்றும் தன் இடத்திலேயே இருக்கிறது. பல் மருத்துவரிடம் நான் போகும்போதெல்லாம் என் ஈறுகளை அவர்கள் மெச்சுவதற்கும், எட்டு வயதில் தேவையே இல்லாமல் எனக்குக் கிடைத்த அந்தப் பராமரிப்புதான் தொடக்கம்.

திரும்பும்போது எடப்பாடிப் பேருந்து நிலையத்தில் நான் அம்மாவின் திட்டுக்குக் காத்திருந்தேன். கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொன்னாலும், பெரியவர்கள் பேச்சில் குறுக்கே விழுந்ததாகவே எனக்குப் பட்டது. மாமா சற்றுத் தள்ளி நின்று, டீக்கடைக்காரரிடம் சர்க்கரை இல்லாமல் ஒரு டீ என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா என் பக்கம் திரும்பி, "உனக்கு என்ன வேணும், கேளு" என்றார். அம்மா அப்படிக் கேட்டதே இல்லை. துணிந்து தேன்மிட்டாய் என்றேன். மறுக்காமல் வாங்கி என் கையில் வைத்து, "தின்னுட்டு வாயக் கொப்புளிச்சுக்கோ" என்றார்.

மாமாவின் பல் சேதி நல்லபடியாக முடிந்த மகிழ்ச்சியில் அம்மா என் தவற்றை மறந்துவிட்டார் என்று எண்ணினேன். நினைவு வருவதற்குள் தின்றுவிட வேண்டும் என்று அவசர அவசரமாகத் தின்றேன். என் ஆரோக்கியமான வாயை ஒரு மாதம் இரவல் வாங்கி, தம்பியின் தலை குனியாமல் அவனுக்கு வைத்தியம் பார்த்தவர், அதைத் திருப்பித் தருகிற நேரத்தில் எனக்கு நன்றி சொல்கிறார் என்பது அந்த எட்டு வயதுச் சிறுமிக்குத் தெரியவில்லை.